வாங்கவா, பொறுக்கவா?



மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவரிடம் மக்கள் என்னென்ன கேட்பார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். பிறந்த பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம், கண்ட கனவுக்கு என்ன பொருள், விடுபட்ட நோன்பை எப்படி ஈடு செய்வது, அத்தா விட்டுச் சென்ற வீட்டில் தங்கைக்கு எவ்வளவு பங்கு. இவற்றுக்கெல்லாம் கிதாபுகளில் இடம் உண்டு. எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால், 2020-ஆம் ஆண்டு ஜூலை மாதத்து இரவொன்றில் துபாயிலிருந்து என் மனைவியின் தம்பி தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு எந்தப் பாடத்தைப் புரட்டுவது என்று எனக்கு விளங்கவில்லை.

“மச்சான், ஒரு கைக்கடிகாரம் பார்த்து வைத்திருக்கிறேன். இப்போதே வாங்கிவிடவா? இல்லை, புதிய மாதிரி வரும்வரை பொறுக்கவா?”

கடிகாரம்தானே, இதற்கு ஏன் இத்தனை யோசனை என்று எண்ணி விலையைக் கேட்டேன். அவன் சொன்ன தொகையை நம் பணத்தில் கணக்கிட்டால் ஏறத்தாழ ஆறு லட்சம் ரூபாய்! ஒரு கணம் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அது என் ஐந்தாண்டு ஊதியத்துக்குச் சமம். அந்த ஊதியமும் மார்ச் மாதத்தில் ஊரடங்கு தொடங்கியது முதல் பாதியாகி, பின்னர் நின்றே போயிருந்தது. பிள்ளைகள் ஓத வராத மத்ரஸாவுக்குச் சந்தா கொடுப்பார் யார்? அந்த நான்கு மாதங்களும் எங்கள் வீட்டு அரிசிக்கும் பருப்புக்கும் கேளாமலே பணம் அனுப்பியவன், இந்தக் கேள்வியைக் கேட்ட அதே மைத்துனன்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பின்னால் சொல்லப் போவதை எடை போட்டுப் பார்க்க இது உங்களுக்குத் தேவைப்படும்.

அவன் பார்த்து வைத்திருந்தது ரோலக்ஸ் சப்மரீனர். கடலில் முக்குளிப்போருக்காக சுவிட்சர்லாந்து நாட்டு நிறுவனம் 1953-இல் உருவாக்கிய வகை. தொடக்கத்தில் 100 மீட்டர் ஆழத்துக்கு உறுதி சொல்லப்பட்டது. இப்போதுள்ளவை 300 மீட்டர் ஆழம் வரை நீர் புகாதவை. கடலில் பத்து மீட்டர் இறங்கினாலே நம்மைச் சுற்றியுள்ள காற்று மண்டலத்தின் அழுத்தம் இன்னொரு மடங்கு கூடிவிடும். அவ்வாறாயின் முந்நூறு மீட்டரில் எத்தனை மடங்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடியளவில் சொன்னால் 984 அடி. எங்கள் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் அவ்வளவு ஆழத்தில் நீரைத் தேடுவதென்றால் அது ஆழ்துளைக் கிணற்றில்தான்! கரிசல் பூமி, மழை பொய்த்தால் பயிர் பொய்க்கும் மண். ஈரமில்லாத காற்றில் மருந்து விரைவில் உலரும் என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இந்த வட்டாரத்துக்குப் பிழைப்பாக வாய்த்தன. அத்தகைய ஊரில் பிறந்தவனுக்கு, கடலுக்குள் மூழ்குவோர் அணியும் கடிகாரத்தின் மீது ஆசை!

கடைக்காரர் கையில் ஒன்று இருந்ததாம். பத்து நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். ஆனால், அந்த ஆண்டு மாற்றியமைத்த புதிய மாதிரி வரப் போகிறது என்ற பேச்சு கடிகாரப் பிரியர்களிடையே பரவியிருந்தது. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் ஆண்டுதோறும் நடந்துவந்த கடிகாரக் கண்காட்சி கொரோனாவால் நின்று போனதால், புதியது வெளிவரும் நாள் மட்டும் தள்ளிப் போயிருந்தது. பழையதை வாங்கிய மறுமாதமே புதியது வந்துவிட்டால் மனம் வருந்துமே என்பது அவன் கவலை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பட்டாசு வேலையில் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததிலிருந்தே இங்குப் பலருக்கு வேலை நாள்கள் குறைந்திருந்தன. அதன் மேல் ஊரடங்கு வேறு. காலையில் ஆலை வண்டிக்குக் காத்து நிற்கும் பெண்கள் வெறுங்கையோடு வீடு திரும்பிய காலம் அது. இந்த வேளையில் ஆறு லட்சத்தைக் கையில் கட்டிக்கொள்ளப் பழையதா புதியதா என்று ஒருவன் கேட்கிறான்! வீண் விரயம் பற்றி ஒரு ஜும்ஆவுக்குத் தேவையான பயானை அந்த இரவிலேயே மனத்துக்குள் ஆயத்தம் செய்துவிட்டேன். “யோசித்துச் சொல்கிறேன் மாப்பிள்ளே” என்று மட்டும் கூறித் தொலைபேசியை வைத்தேன்.

மறுநாள் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் கிதாபுகளை விரித்து வைத்து அமர்ந்தேன். தேநீர் கொண்டுவந்த என் மனைவி சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னங்க, என் தம்பி வாங்கலாமா என்றா கேட்டான்? எப்போது வாங்கலாம் என்றுதானே கேட்டான்? நீங்கள் வாங்கவே கூடாது என்பதற்கு ஏன் ஆதாரம் தேடுகிறீர்கள்?”

“இது இஸ்ராஃப் இல்லையா?” என்றேன்.

அவள் விடை சொல்லாமல் என் புத்தக அலமாரியைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும். அரபு அகராதி ஒன்றின் புதிய பதிப்பு வருகிறது என்று மூன்று ஆண்டுகள் பழையதை வாங்காமல் இருந்தேன். பொறுக்க முடியாமல் பழையதை வாங்கினேன். அடுத்த ஆண்டே புதியது வந்தது. கடன் சொல்லி அதையும் வாங்கினேன். இரண்டும் அருகருகே நிற்கின்றன. புதியதில் என்ன கூடியிருக்கிறது என்று இன்றுவரை நான் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. கலைப் பட்டம் படித்த காலத்திலிருந்தே தொற்றிய நோய் இது. புத்தகம் என்றால் இல்ம், கடிகாரம் என்றால் இஸ்ராஃப் என்று நான் எனக்குச் சாதகமாகப் பிரித்து வைத்திருந்தேன்.

ஆகவே, கோபத்தை ஒதுக்கிவிட்டு முறையாகப் பார்ப்போம் என்று தொடங்கினேன். அன்று மாலை அவனை அழைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடன் ஏதும் உண்டா? இல்லை. ஹஜ் கடமை? 2017-இல் தன் தாயாரையும் அழைத்துக்கொண்டு நிறைவேற்றிவிட்டான். ஸகாத்? ஆண்டுதோறும் ரமளானில் கணக்கிட்டுக் கொடுக்கிறான். அதில் ஒரு பகுதியை நானே இங்குப் பங்கிட்டிருக்கிறேன். மனைவி மக்களின் செலவில் குறை வைக்கிறானா? அதுவும் இல்லை. பதினான்கு ஆண்டுகள் ஜபல் அலியில் ஒரு சரக்குக் கிடங்கில் உழைத்து, தேநீர்ச் செலவைக் கூடக் கணக்கு வைத்து, இதற்கென்றே தனியாகச் சேர்த்த பணம். அல்லாஹ் ஓர் அடியானுக்கு அருளிய நிஃமத்தின் அடையாளம் அவன் மீது காணப்படுவதை விரும்புகிறான் என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழியை நாம் அறிவோம். இரண்டு ஓடை நிறையப் பொருள் இருந்தாலும் மூன்றாவதைத் தேடும் மனிதனைப் பற்றிய நபிமொழியையும் அறிவோம். எவருக்கு எதை எடுத்துச் சொல்வது என்பதில்தான் உபதேசம் செய்பவனின் நேர்மை இருக்கிறது.

அடுத்து, பொன் விஷயம். ஆண்களுக்குப் பொன் அணிகலன் ஆகாது என்பது நாம் அனைவரும் அறிந்த சட்டம். இந்த வகைக் கடிகாரத்தில் முழுவதும் பொன்னாலானதும் உண்டு, பொன்னும் எஃகும் கலந்ததும் உண்டு. அவை பற்றிப் பேச்சே இல்லை. இவன் கேட்டது எஃகாலானது. “எஃகுதான் மச்சான், ஐயமே வேண்டாம்” என்றான். ஆயினும் விசாரித்துப் பார்த்ததில், எஃகுக் கடிகாரத்திலும் முகப்பிலுள்ள மணிக் குறிகள் மங்காமல் இருப்பதற்காக 18 காரட் பொன்னால் செய்யப்படுகின்றன என்பது தெரியவந்தது! பார்வைக்கு வெள்ளி போலிருக்கும். பொன் என்று எவரும் சொல்ல மாட்டார்.

எனக்குச் சற்று மகிழ்ச்சி ஏற்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தடுப்பதற்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது அல்லவா? நான் ஓதிய காலத்து ஆசிரியரான பெரிய ஹஜ்ரத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவர் சிரித்தார். “ஹிதாயாவில் மோதிரக் கல்லின் துளையில் அடிக்கும் பொன் ஆணியைப் பற்றி ஓதினாயே, மறந்துவிட்டதா?” என்றார். மறக்கவில்லை, நினைக்க விரும்பவில்லை! மோதிரக் கல்லைப் பொருத்துவதற்கான சிறு பொன் ஆணி மோதிரத்துக்குத் துணைப் பொருளே என்பதால் ஹனஃபி மத்ஹபில் அதற்கு அனுமதி உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜில், கல்லைப் பற்றிப் பிடிக்கும் பொன் பல்லுங்கூட ஆணுக்கு ஆகாது என்பதே சரியான சொல்லாக வந்துள்ளது. எங்கள் உள்நாட்டு ராவுத்தர் குடும்பங்கள் ஹனஃபிகள். கீழக்கரை, காயல்பட்டினக் கரையோரத்து மரைக்காயர் பெரும்பாலும் ஷாஃபிஈகள். ஒரே கடிகாரம் எங்கள் மைத்துனன் கையில் ஏறலாம்; கீழக்கரை நண்பர் கையில் ஏறுவதற்கு அவர் தம் ஆலிம்களிடம் கேட்டாக வேண்டும்! “பேணுதல் வேண்டுமென்றால் விலகிக்கொள்ளலாம். ஆனால் நீ ஹராம் என்று சொல்லிவிடாதே” என்று பெரிய ஹஜ்ரத் முடித்தார்.

கீழக்கரை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஓதும் காலத்தில் அந்தக் கரைக்குச் சென்றிருந்தபோது, சங்கு குளித்து ஓய்ந்த முதியவர் ஒருவரோடு ஓர் அஸருக்குப் பின் அமர்ந்து பேசினேன். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைத் தம் மூத்தோர் வழியாக அவர் அறிந்திருந்தார். தூத்துக்குடியில் அது 1961-ஆம் ஆண்டோடு நின்று போயிற்று. காலில் கல்லைக் கட்டி இறங்குவார்களாம். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். மூச்சடக்கி இருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம். கையில் கடிகாரம் ஏது? நெஞ்சு சொல்வதுதான் கணக்கு. மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவர், அசைவை உணர்ந்து இழுக்க வேண்டும். “அந்தக் கயிற்றை மச்சானிடம் கொடுப்பார்கள் தம்பி. தங்கச்சி விதவையாகக் கூடாது என்று கண்ணும் கருத்துமாக இழுப்பான்” என்றார் முதியவர். அவர் சொன்னதை அன்று நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

முக்குளிப்போர் கடிகாரத்தில் சுற்றிலும் ஒரு வளையம் உண்டு. நீரில் இறங்கும்போது வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பிவிட்டால், எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறியலாம். அந்த வளையம் இடப்புறம் மட்டுமே திரும்பும். பாறையில் இடித்துத் தவறுதலாக நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. ஆகவே, முக்குளிப்பவர் முன்னதாக மேலே வருவாரே தவிர, மூச்சுக் காற்று தீரும்வரை கீழே தங்கிவிட மாட்டார். தவறினாலும் பாதுகாப்பின் பக்கம் தவற வேண்டும் என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. நம் ஃபிக்ஹில் ‘இஹ்தியாத்’ என்று சொல்கிறோமே, அதன் சாயல். நேரத்தை அளக்கும் கலையில் நம்மவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. திமிஷ்க் நகர உமய்யாப் பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் பொறுப்பிலிருந்த இப்னுஷ் ஷாத்திர், 1371-இல் அங்கு அமைத்த சூரியக் கடிகாரம் வரலாற்றில் பெயர் பெற்றது. இன்று முக்குளிப்போர் கையில் சிறு கணினியையே கட்டி இறங்குகிறார்கள் என்பதையும், சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் ஜப்பானியக் காசியோவிலும் 200 மீட்டர் தாங்குவது உண்டு என்பதையும், மின்கலத்தில் ஓடும் அந்த எளிய கடிகாரம் நேரத்தில் இதைவிடக் குறைவாகவே பிசகும் என்பதையும் சொல்லாமல் விடுவது நீதியாகாது. அவனிடமும் சொன்னேன்.

“தெரியும் மச்சான். நேரம் பார்க்கவென்றால் கைபேசியே போதுமே” என்றான்.

“பிறகு எதற்கு?”

நெடுநேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான். அவனுக்கு ஏழு வயது. 1989-ஆம் ஆண்டு. இரவில் காய்ச்சல் முற்றி வலிப்புக் கண்டபோது, சாத்தூர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல அவன் அத்தா வாடகைக் காரை அழைத்தார். கையில் பணமில்லை. தம் திருமணத்துக்கு மாமனார் வீட்டில் போட்ட எச்.எம்.டி. கடிகாரத்தைக் கழற்றி ஈடாகக் கொடுத்தார். பத்து நாள் கழித்துப் பணத்தோடு போனபோது, கடிகாரம் காணாமற் போய்விட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். தீப்பெட்டி ஆலையில் கணக்கெழுதிய அந்த மனிதர் அதன்பின் கடிகாரம் கட்டவே இல்லை. ஆலைச் சங்கைக் கேட்டும் பாங்கைக் கேட்டும் நேரம் அறிந்தார். என் மாமனாரின் இடது மணிக்கட்டை அவர் அடிக்கடி வலக்கையால் தடவிக்கொள்வதை நானும் பார்த்திருக்கிறேன். ஏதோ வாதம் என்று நினைத்திருந்தேன். 2011-இல் அவர் மறைந்தார். அல்லாஹ் அவருடைய மண்ணறையை விசாலமாக்குவானாக!

“அத்தாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்க நான் சம்பாதிக்கத் தொடங்கியபோது, வேண்டாம் என்றுவிட்டார் மச்சான். எனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.”

அவன் கேட்கும் பொருள் ஆறு லட்சம் பெறுமானம் உள்ளது என்பது இதனால் மாறிவிடாது. எச்.எம்.டி. போன துயருக்கு ரோலக்ஸ்தான் மருந்தா என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் என்னையே இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். அவன் எனக்கு அரிசிக்குப் பணம் அனுப்புகிறவனாக இல்லாமல், நான் அவனுக்கு அனுப்புகிறவனாக இருந்தால், இந்தக் கேள்வி எனக்கு இவ்வளவு கசந்திருக்குமா? நான் மார்க்கம் என்று தேடிக்கொண்டிருந்ததில் எத்தனை பங்கு மார்க்கம், எத்தனை பங்கு பொறாமை? இரண்டு இரவுகள் இதற்கே கழிந்தன. அவன் உதவியைத் தின்றுகொண்டு அவன் மகிழ்ச்சிக்காகத் தலையாட்டுவதும் மோசடி. அவன் செழிப்பைப் பொறுக்காமல் தடுப்பதும் மோசடி. ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதத்தைச் சுமந்தவர் ஆகிறார் அல்லவா?

மூன்றாம் நாள் இரவு, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பொறுப்பதற்கும் விலை உண்டு என்பதை முதலில் சொன்னேன். பணமாக வைத்துக்கொண்டு ஓர் ஆண்டு கடந்தால் அதற்கு நூற்றுக்கு இரண்டரை வீதம் ஸகாத் உண்டு; ஆறு லட்சத்துக்குப் பதினைந்தாயிரம். அணிவதற்கென்று வாங்கிவிட்டால் அந்தக் கடிகாரத்துக்கு ஸகாத் இல்லை. ஆனால் விலை ஏறும், பிறகு விற்று இலாபம் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு வாங்கினால் அது வணிகப் பொருள். ஆண்டுதோறும் அன்றைய சந்தை விலைக்கு ஸகாத் கொடுத்தாக வேண்டும். “இரண்டில் எது உன் நிய்யத் என்று முடிவு செய்துகொள். காலையில் அணிகலன், மாலையில் முதலீடு என்று இரண்டு பெயர் வைக்காதே” என்றேன். அவன் சிரித்தான். கடிகாரம் வாங்கும் நண்பர்கள் எல்லோரும் வீட்டாரிடம் இது முதலீடு என்றுதான் சொல்வார்களாம்!

“வாங்கவா, பொறுக்கவா என்பதற்கு என்ன பதில் மச்சான்?”

“பழையதைக் கட்டிக்கொண்டிருக்கையில், புதியதைக் கட்டியவன் அருகில் வந்து அமர்ந்தால் உன் கண் உன் கையில் நிற்குமா, அவன் கைக்குப் போகுமா? உன் கையில் நிற்குமென்றால் இப்போதே வாங்கு. போகுமென்றால், புதியதை வாங்கினாலும் அதற்கடுத்தது வரும், எதையும் வாங்காதே. இஸ்திகாராத் தொழுதுவிட்டு முடிவு செய்.”

“எனக்குத் தெரியவில்லையே” என்றான். கெட்டிக்காரத்தனமாகப் பேசாமல் தெரியவில்லை என்றதால் அவன் மீது எனக்கு மதிப்புக் கூடியது. பத்து நாள் தவணை கடந்தது. அவன் கடைக்குப் போகவில்லை.

2020 செப்டம்பர் 1. தமிழகமெங்கும் வழிபாட்டுத் தலங்கள் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட நாள். ஐந்து மாதங்களுக்குப் பின் சாத்தூரில் ஒரு பள்ளிவாசலில் இடைவெளி விட்டு நின்று தொழுதுவிட்டு, கண்ணீரைத் துடைத்தபடி வெளியே வந்து கைபேசியைத் திறந்தால், மைத்துனனிடமிருந்து ஒரு படம்! அன்றுதான் புதிய சப்மரீனர் வெளியாகியிருந்தது. முன்னது 40 மில்லிமீட்டர் அகலம், புதியது 41. முன்னதைக் கழற்றி வைத்தால் ஏறத்தாழ 48 மணி நேரம் ஓடும். புதியது 70 மணி நேரம் ஓடும். ஆழம் அதே முந்நூறு மீட்டர்தான். அமெரிக்காவில் அதன் விலை அப்போது 8,100 டாலராக இருந்தது.

“ஒரு மில்லிமீட்டருக்காகவா மச்சான் நான் தூக்கம் கெட்டேன்?” என்று குரல் பதிவில் சிரித்திருந்தான். அந்த இருபத்திரண்டு மணி நேர முன்னேற்றமும் கையில் கட்டாமல் கழற்றி வைத்திருக்கும் நேரத்துக்குத்தான் என்பதை எண்ணி நானும் சிரித்தேன். ஆயினும் அவன் அதை வாங்கத்தான் முயன்றான். உலகெங்கும் அதற்குக் காத்திருப்போர் பெருகியிருந்தனர். பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தான். பழைய மாதிரியோ, உற்பத்தி நின்றதால், கைமாற்றுச் சந்தையில் விலை ஏறத் தொடங்கியிருந்தது.

அடுத்த பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ நாளின் நண்பகலுக்குப் பிறகு எங்கள் பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. பத்தொன்பது பேருக்கு மேல் மாண்டனர். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் மதுரைக்குமாகக் காயமுற்றோரை ஏற்றிச் சென்ற வண்டிகளின் ஓசை இரவெல்லாம் அடங்கவில்லை. அந்த நாள்களில் கண்டவற்றை இந்தப் பக்கங்களில் எழுதுவது முறையன்று. எங்கள் மத்ரஸாப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் அமரும் பிள்ளைகளின் தாய்மார்கள் செல்லும் வேலை அது. இதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

நள்ளிரவு தாண்டி மைத்துனன் அழைத்தான். எந்த எந்த ஊரார், எத்தனை வீடு என்று கேட்டான். பிறகு, “மச்சான், கடிகாரத்துக்கென்று வைத்த பணம் இங்கே அப்படியே இருக்கிறது” என்றான். பாதியை அனுப்பினான். யார் எவர் என்று பார்க்க வேண்டாம். தன் பெயரும் வேண்டாம் என்றான். அதனால்தான் இந்தக் கட்டுரை முழுவதும் அவனுக்குப் பெயரில்லை. நண்பர்கள் இருவரோடு நான் வீடு வீடாகச் சென்று அதைச் சேர்ப்பித்தேன். அந்தப் பணம் முந்திய ஜூலையில் கடைக்காரர் கைக்குப் போயிருந்தால் பிப்ரவரியில் இருந்திருக்காது என்ற எண்ணம் அந்த வீடுகளின் வாசல்களில் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவன் அப்போது பொறுத்தது ஒரு மில்லிமீட்டருக்காகத்தான், இதற்காக அன்று. எதை எதற்காகத் தாமதிக்கச் செய்கிறான் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

இதோடு அவனுக்கு ஆசை அற்றுப் போயிற்று என்று எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் நடந்தது அதுவன்று. மறுபடியும் சேர்த்தான். இடையில் பட்டியலிலிருந்து அழைப்பு வந்தபோது பணம் போதவில்லை, பெயரை எடுத்துக்கொண்டார்கள். 2022-இன் தொடக்கத்தில் கைமாற்றுச் சந்தையில் விலை உச்சத்துக்குப் போய்ப் பின்னர் இறங்கியது. 2024-இல் அவனோடு வேலை பார்த்த எகிப்து நாட்டுச் சகோதரர் ஒருவர் ஊருக்கே திரும்பினார். தம்மிடமிருந்த பழைய 40 மில்லிமீட்டர் சப்மரீனரை இவனுக்கு விற்றார். முதலில் கடையில் விட்டு வந்த அதே மாதிரி! பின்புறத்தில் ஒரு கீறல் இருப்பதைச் சொல்லியே விற்றாராம். 2020-இல் கேட்ட விலையைவிடச் சற்றுக் கூடுதல்.

அந்த ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அதைக் கட்டியிருந்தான். நீண்ட சட்டைக் கைக்குள் மறைந்து கிடந்தது. ஊரில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான். அஸருக்குப் பள்ளிவாசலுக்கு வந்தோம். நீர்த்தொட்டி ஓரத்தில் உளூச் செய்ய அமர்ந்தபோது, என்னிடம் ஓதும் சிறுவன் ஒருவன் அதை உற்றுப் பார்த்து, “ஹஜ்ரத், இது தண்ணீர் பட்டால் கெட்டுப் போகாதா?” என்று கேட்டான்.

“கடலுக்குள் முந்நூறு மீட்டர் போகும்டா” என்றான் மைத்துனன். சொல்லிவிட்டு முழங்கை அளவு நீருள்ள தொட்டியில் கையை விட்டுக் காட்டினான். சிறுவன் பெரிதாக வியக்கவில்லை.

“மாப்பிள்ளே, பட்டை இறுக்கமாக இருக்கிறது. அதற்கு அடியில் நீர் படவில்லை” என்றேன்.

உடனே கழற்றி என்னிடம் நீட்டினான். எதிர்பார்த்ததைவிடக் கனம். வினாடி முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டே போயிற்று. அவன் கையைக் கழுவி முடிப்பதற்குள் உள்ளே இகாமத் சொல்லும் ஒலி கேட்டது. கடிகாரத்தை என் ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு விரைந்து சென்று ஸஃப்பில் நின்றுவிட்டேன். நான்கு ரக்அத்திலும் அதன் கனம் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது, உங்களிடம் மறைப்பானேன்?